மழைமானிக் கொப்பி

பண்டாரவளையில் பழைய தேயிலைக் கிடங்கு ஒன்றை
மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள்.
உள்ளே இன்னும் தூள் வாசம்.
தும்மிக்கொண்டே ரோமாபுரிக்குள் நுழைந்தோம்,
நானும் பெக்கோ ஓட்டும் சந்திரபோசும்.

அனர்த்தக் குழுவில் இருக்கிறவர்களுக்கு
ஒருநாள் சுற்றுலா,
பிரதேச செயலகம் பிடித்துத் தந்த வேன்.
மற்றவர்கள் நேரே கன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

மலை வெடித்து, சாம்பல் கொட்டி
மூடிப்போன ஊராம், பொம்பேய்.
மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.
தமிழில் மட்டும் எரிமலை
ஏரிமலை ஆகியிருந்தது.
நான் சிரித்தேன். போஸ் சிரிக்கவில்லை.
ஏரியும் மலையும் சேர்ந்து இறங்கினால் என்ன ஆகும் என்று
அவருக்குத் தெரியும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாண்.
கரிக்கட்டை. எட்டாகக் கீறியிருந்தது.
எட்டுப் பேருக்கா, எட்டு வேளைக்கா
என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது சுவர்த் துண்டு, சிவப்பு எழுத்து.
தேர்தலாம்.
இன்னாருக்கே போடுங்கள் என்று
பழக்கடைக்காரர்கள் கேட்கிறார்கள்.
எங்கள் லயத்துச் சுவரிலும் இருந்தது:
ஏழு பேர்ச் காணி, தனி வீடு,
பக்கத்தில் கும்பிட்டபடி ஒரு முகம்.
அந்தச் சுவர் இப்போது பதினொரு அடிக்குக் கீழே.
இரண்டாயிரம் வருடம் கழித்துத் தோண்டுகிறவர்கள்
அதை வாசித்துவிட்டு
அந்த வீட்டைத் தேடுவார்கள், பாவம்.

பிறகு, அந்த மனிதர்கள்.
சாம்பலுக்குள் உடம்பு கரைந்து
உடம்பளவு ஓட்டை மிஞ்சியதாம்.
ஓட்டைக்குள் சாந்து ஊற்றி, இறுகவிட்டு,
சுற்றிலும் உடைத்தெடுத்தால்
முழங்கால் மடக்கிய ஒருத்தி,
இடுப்பில் துணி மடிப்பு,
மூக்கைப் பொத்திய கை.

போஸ் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
பதினாறு நாள் தோண்டியவர்.
பக்கெட்டை இறக்குமுன்
ஒவ்வொரு தடவையும் ஹோன் அடித்தாராம்,
உள்ளே யாராவது இருந்தால்
கொஞ்சம் நகர்ந்துகொள்ளட்டும் என்று.
இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை.
அன்றும் என்னிடம் சொல்லவில்லை,
அவளிடம் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பி,
"நம்ம மண்ணு இப்படிப் புடிக்காது புள்ள.
சேறு. கைய எடுத்தா மூடிக்கும்."
அவருக்குக் கிடைத்தது
ஒரு குக்கர் மூடி,
பற்றரி இரண்டும் உள்ளேயே இருந்த டீவி ரிமோட்,
இலக்கம் மட்டும் தெரிந்த ஒரு செக்ரோல் அட்டை.

கையை நீட்டினார்.
காவல்காரப் பையன் ஓடி வந்தான்: அல்லன்ன எப்பா!
முகத்தைப் பார்த்தானோ என்னவோ,
குரலை இறக்கி
இது அசல் இல்லை, ஃபைபர்தான் என்றான்.
போஸ் தோளில் மெல்லத் தட்டினார்.
டொக்.
ஓட்டைக்குள் ஊற்றி எடுத்தவளின் நகல்,
உள்ளே மறுபடியும் ஓட்டை.

தியத்தலாவை தாண்டும்போது தூறல்.
யாரோ பாட்டுப் போட்டார்கள், யாரோ நிறுத்தச் சொன்னார்கள்.
இறங்கியதும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஓடினேன்.
மழைமானி அங்கேதான்,
சவுக்குக் கம்பில் கட்டிய பிளாஸ்டிக் குழாய்.
நூறு மில்லிமீற்றர் என்றால் போன் போட வேண்டும்.
நூற்றைம்பது என்றால்
அவர்கள் போனை எடுக்காவிட்டாலும்
சைரனைச் சுழற்ற வேண்டும்.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டு.
கொப்பியில் திகதி, நேரம், அளவு.
எழுதி முடித்தும் பேனை நிற்கவில்லை.
ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
நாலாம் நம்பர் லயத்தில் இன்றிரவு
யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று எழுதினேன்.

மூன்றாம் காம்பரா: புஷ்பகாந்தி, மாமியார், இரண்டு பிள்ளைகள்.
ஐந்து: கிருபைநாதன் மட்டும்.
ஆறு: பூட்டு. கொழும்பில் வேலை.
எட்டு: சிவபாக்கியம், புருஷன்,
ஊரிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண்.
பெயர் தெரியாது.

காலையில் கேட்கலாம் என்று கொப்பியை மூடினேன்.
மறுபடி திறந்தேன்.
மழை வலுத்திருந்தது.
கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
எட்டாம் காம்பராக் கதவைப் போய்த் தட்டினேன்.